குழி வாயில் பச்சைத் தழை

எங்கள் குவாரியில் ஒரு ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் கல்லெடுத்து எறிவார்கள். கம்ப்ரஸர் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. ஒரு சில்லைப் பொறுக்கி முதுகைப் பார்த்து எறிந்தால் திரும்பிப் பார்ப்பான். சாப்பாட்டுக்குக் கூப்பிடச் சின்னச் சில்லு. ஓடித் தப்பு என்று சொல்லப் பெரிய கல். என் அம்மா ஜல்லி உடைத்துக்கொண்டே இருபதடி தூரத்திலிருந்து குறி தவறாமல் என்னைக் கூப்பிடுவாள். என் பின்மண்டையில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. அவள் எறிந்த கல் பட்ட அன்றைக்கு மேலேயிருந்து ஒரு பாறை உருண்டு வந்தது. மண்டை உடைந்து நான் தப்பித்தேன்.

அப்பாவும் அப்படித்தான். முதலில் அடி, பிறகுதான் எதற்கு என்பது. ஹனூர்ப் பக்கத்து மானாவாரி நிலம் கைவிட்ட பிறகு குவாரிக்கு வந்தவர். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பதை மற்ற வீடுகளில் பழமொழியாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது நாள் தவறாமல் நடந்தது. வெடிமருந்துக்குப் பக்கத்தில் வளர்கிற பிள்ளைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரமில்லை என்பார். சரியோ தப்போ, அந்தக் கை எனக்கும் வந்துவிட்டது. வாய் திறப்பதற்குள் கை போய்விடும்.

படித்து, மைசூரில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த பிறகு அந்தக் கையைக் கட்டிப்போட்டு வைத்திருந்தேன். பன்னிரண்டு வருடம். ஒரு பிள்ளையையும் தொட்டதில்லை. கோபம் தலைக்கேறினால் சாக்பீஸை ஒடிப்பேன். என் மேஜைக்குக் கீழே எப்போதும் சாக்பீஸ் துண்டாகக் கிடக்கும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் அன்றைய வானிலையைத் தெரிந்துகொள்வார்கள்.

கல்லூரியில் நான் படித்தது ஜியாலஜி. அதனால் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் கல்லு மிஸ். வருடா வருடம் தசரா விடுமுறை முடிந்ததும் அவர்களைக் கல் பார்க்கக் கூட்டிப்போவது என் வேலை. ஆறாம் வகுப்பைச் சாமுண்டி மலைக்கு, ஏழாம் வகுப்பை மேல்கோட்டை மலைக்கு, எட்டாம் வகுப்பை நஞ்சன்கூடு தாண்டிக் குண்டலுபேட்டை ரோட்டில் ஒரு கறுப்புக் கல் குவாரிக்கு. எந்த வகுப்பாக இருந்தாலும் பஸ்ஸில் ஏறியதும் ஒரே கேள்விதான். மிஸ், டைனோசர் எலும்பு கிடைக்குமா?

"கிடைக்காது. உலகத்தில் எலும்பு என்ற ஒன்றே வராத காலத்துக் கல் இது. நீ கிழவனாகிற வரைக்கும் தோண்டினாலும் இந்தக் கல்லில் ஒரு எலும்பு கிடைக்காது" என்பேன். உடனே பாதிப் பிள்ளைகளுக்கு முகம் தொங்கிப்போகும்.

அவர்களைச் சமாதானப்படுத்தத்தான் அந்தக் குவாரி. அங்கே கல் வெட்டிய சுவரில் எல்லாம் வெளிப்படையாகத் தெரியும். வெள்ளையும் சாம்பலும் வரிவரியாக ஓடும் கிழட்டுப் பாறை, வயது முந்நூறு கோடி வருடத்துக்குப் பக்கம். அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கீழேயிருந்து நெருப்புக் குழம்பு ஏறி, ஏறிய இடத்திலேயே உறைந்து நிற்கிறது. அதுதான் கறுப்புக் கல். இரண்டும் சேரும் இடத்தில் பழைய பாறை கருகிச் சிதறியிருக்கும். "இது பாறை இல்லை, சண்டை. யார் யாரை அடித்தார்கள் என்று கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டால் போதும், எட்டாம் வகுப்புப் பையன்கள் டைனோசரை மறந்துவிடுவார்கள்.

அந்த வருடம் நாங்கள் போனது ஒரு வெள்ளிக்கிழமை. முப்பத்து நான்கு பிள்ளைகள், நான், விளையாட்டு மாஸ்டர், மாதிரிக் கல் உடைக்க நாலைந்து சுத்தியலும் உளியும். குவாரியின் மேஸ்திரி ஹனூர்ப் பக்கம், என் அப்பாவைத் தெரிந்தவர். என்னை அம்மணி என்றுதான் கூப்பிடுவார். அவர் வார்த்தையில்தான் ஒவ்வொரு வருடமும் உள்ளே விடுவார்கள். முதலாளியிடம் கேட்டுக்கொண்டேன் என்பார். ஒரு வருடமும் கேட்டதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆயுத பூஜை முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அலங்காரத்தை யாரும் கழற்றவில்லை. கம்ப்ரஸருக்கு மாவிலைத் தோரணம், லாரியின் முகத்தில் காய்ந்த சாமந்தி, வாசலில் குங்குமம் தோய்ந்த பூசணிக்காய்ச் சிதறல். கல்லில் போட்டு வைத்திருந்த வெடிக் குழிகளைக்கூட விடவில்லை. ஒவ்வொரு குழி வாயிலும் ஒரு மாவிலைக் கொத்தைச் செருகியிருந்தார்கள். குழியும் ஆயுதம்தான், அதற்கும் பூஜை உண்டு. என் அப்பாவும் அப்படிச் செய்வார். பிள்ளைகளுக்கு அதைக் காட்டிப் பெருமையாக விளக்கினேன்.

ட்ரில் போடுகிற ஒருவர் தண்ணீர் குடிக்க எங்கள் பக்கம் வந்தார். முப்பது வயது இருக்கும். நான் மேஸ்திரியோடு பேசியது காதில் விழுந்து சிரித்தார்.

"நம்மூருப் பேச்சாட்ட இருக்குதுங்களே டீச்சர்?"

"ஹனூர்தானுங்க. எங்கப்பாவும் குழி போடுறவர்தான்" என்றேன்.

அவருக்கு முதல் தடவை கேட்கவில்லை. இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன்.

"காது போயிருச்சுங். என்னையக் கூப்பிடோணும்னா கல்லெடுத்துத்தான் எறியோணும்" என்றார். என் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் கையில் அபிரகம் மின்னும் ஒரு சில்லைக் கொடுத்துவிட்டு மேல்தட்டுக்கு ஏறினார். எனக்கு என்ன தோன்றியதோ, ஒரு சின்னச் சில்லை எடுத்து அவர் முதுகில் எறிந்தேன். திரும்பிப் பார்த்தார். என் கையைப் பார்த்ததும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மேலே கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது.

அந்தச் சில்லை வாங்கிக்கொண்ட பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய வீடும் தமிழ்தான், ஆனால் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். கன்னடமும் தமிழும் கலந்து அடிக்கும். பாறையின் மேல் உண்மையான ஆசை உள்ள பிள்ளை அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் செல்ஃபி எடுக்க, அவள் மட்டும் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். பத்து நிமிடம் கழித்து ஓரத்திலிருந்து கையைக் காட்டினாள். அங்கே தனியாக ஒரு பெரிய கல் கிடந்தது. அதன் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ், இல்லி நோடி, இங்க பாருங்க! கறுப்பும் வெள்ளையும் ஒட்டிட்டிருக்கு. உடைச்சு எடுத்துக்கட்டா?"

நான் போய்ப் பார்த்தேன். சண்டை நடந்த கோடு அந்தக் கல்லின் நடுவே கத்தி கீறியது போல் ஓடியது. வருடக்கணக்காக நான் தேடிய துண்டு அது. கோட்டின் மேலேயே ஒரு குழி இருந்தது. குழி வாயில் தழை.

"மிஸ், இதுல இலை இருக்கே?"

"பூஜைக்கு வெச்சதும்மா. எடுத்துப் போட்டுட்டு, குழி ஓரத்துல உளியை வெச்சுத் தட்டு. அழகா வரும்" என்றேன்.

நான்தான் சொன்னேன். இதை நான் வேறெங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

சொல்லிவிட்டுப் பத்தடி நடந்திருப்பேன். என் காலடியில் இன்னொரு குழி, அதிலும் தழை. செருப்பு பட்டதும் அந்த மாவிலை பொடிப்பொடியாக உதிர்ந்தது. எட்டு நாள் வெயில். நான் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். அவளுடைய குழியில் இருந்த தழை பச்சையாக இருந்தது. மாவிலை இல்லை, ஆவாரங்கொத்து. அதில் மஞ்சள் பூ வாடாமல் நின்றது. அன்று காலையில் ஒடித்தது.

வெடிக்காமல் நின்றுபோன குழிக்கு எங்கள் ஆட்கள் வைக்கும் அடையாளம் அது. திரி எரிந்து போயிருக்கும், மருந்து உள்ளேயே இருக்கும். பச்சைத் தழை ஒன்றை ஒடித்து வாயில் செருகிவிட்டால் யாரும் அந்தக் கல்லின் கிட்டே போகமாட்டார்கள். மேஸ்திரியே வந்து அதை வெடித்து எடுக்கும் வரைக்கும் உளி கூடாது, சுத்தியல் கூடாது, ட்ரில் கூடவே கூடாது. நான் அ, ஆ படிப்பதற்கு முன்னால் படித்த எழுத்து அது. பட்டம் வாங்கியவள் அதைப் பூஜைத் தழை என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பிள்ளைக்குச் சாமிக்கு வைத்த தழையை எடுத்துப்போட மனம் வரவில்லை. அதை மெதுவாக ஒதுக்கிவிட்டு, உளியைக் குழிக்குள்ளேயே செருகியிருந்தாள். வலது கையில் சுத்தியல் தலைக்கு மேல் போய்விட்டது.

நான் கத்தியிருக்கலாம் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். கத்தவில்லை. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. பத்தடியை எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை. என் கையிலிருந்த சுத்தியலின் மரப்பிடியால் அவளுடைய வலது கையில் ஓங்கி ஒரு அடி. எலும்பு முறிந்த சத்தம் அந்தக் கம்ப்ரஸர் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. அவள் கையிலிருந்த சுத்தியல் பின்னால் போய் விழுந்தது. அவளுக்கு அழக்கூட நேரம் கொடுக்கவில்லை. ஜடையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து ஒரு பாறை மறைவில் தள்ளினேன்.

என்னவென்று பார்க்க மற்ற பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அந்தக் கல்லைப் பார்த்தே ஓடி வந்தார்கள். நான் குனிந்து கல் பொறுக்கி அவர்கள் மேல் எறியத் தொடங்கினேன். சின்னச் சில்லு இல்லை. ஒன்று ஒரு பையனின் நெற்றியில் பட்டு ரத்தம் கொட்டியது. ஒன்று யாருடைய முழங்காலிலோ விழுந்தது. அலறிக்கொண்டு வந்த வழியே ஓடினார்கள். ஓடுகிற முதுகுகளின் மேலும் எறிந்தேன். விளையாட்டு மாஸ்டர் பின்னாலிருந்து என் இரண்டு கையையும் முறுக்கி, குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினார். என் வாய் நிறையக் கல்தூள். ஒரு பிள்ளை தூரத்தில் நின்று இதையெல்லாம் போனில் எடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

கம்ப்ரஸர் நின்றது. மேஸ்திரி ஓடிவந்தார். மாஸ்டரிடமிருந்து கையை விடுவித்துக்கொண்டு, "அண்ணா, அந்தக் குழி..." என்றேன். மேஸ்திரி அந்தக் கல்லைப் பார்த்தார். உளி நட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். ஒரு நொடிதான். பிறகு அந்தக் கல்லிடம் போய், உடம்பை விலக்கி வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் முதலில் உளியையும் அப்புறம் தழையையும் மெல்ல உருவித் தூர எறிந்தார்.

"பூசைக்கு வெச்ச தழைங். டீச்சரம்மா என்னமோ நெனச்சுப் பயந்துட்டாங்க" என்று மாஸ்டரிடம் கன்னடத்திலும் தமிழிலுமாகச் சொன்னார்.

மாஸ்டர் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். மேஸ்திரி என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அம்மணி, வெளிய சொல்லிப்போடாத. பள்ளிக்கொடத்துப் புள்ளைங்க நிக்கறப்ப நின்ன குழி இருந்துச்சுன்னா குவாரிய இழுத்து மூடிருவாங்க. இருபது குடும்பம் பொழைக்குது. சாயங்காலம் நானே வெடிச்சு எடுத்தர்றேன். உங்கப்பன் மேல சத்தியம்."

அப்பாவின் மேல் சத்தியம் செய்ததாலா, இருபது குடும்பத்தாலா, இல்லை தழையைப் பார்த்து ஏமாந்தவள் நான்தான் என்பது வெளியே வந்துவிடும் என்ற பயத்தாலா, தெரியவில்லை. தலையாட்டினேன். அந்த நேரத்தில்தான் ட்ரில் போடுகிறவர் மேல்தட்டிலிருந்து இறங்கி மூச்சிரைக்க வந்தார்.

"என்னாச்சுங் டீச்சர்? அந்தக் குழில ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்லீங். பூசைத் தழை" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளி தொடங்குவதற்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. தலைவிரி கோலமாக ஒருத்தி பிள்ளைகள் மேல் கல்லெறிகிறாள். நானே பார்த்தேன். அது நான்தான் என்று தெரியாமல் இருந்திருந்தால் அவளைக் கட்டிவைத்து உதையுங்கள் என்று நானும் சொல்லியிருப்பேன். தலைமையாசிரியை அறையில் என்னை நிற்க வைத்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பா உள்ளே வந்தார். நேராக வந்து என் கன்னத்தில் அறைந்தார். காது அடைத்துக்கொண்டது. இன்னொன்று அறைந்தார். உதடு பல்லில் கிழிந்து உப்புக் கரித்தது.

"ஏன்ரீ, எழுதுற கையாப் பாத்து ஒடைச்சிருக்கே? நீ மனுஷியா?"

என் கை விரல்கள் மடங்கிக்கொண்டன. திருப்பி அறைய எனக்கு ஒரு நொடி போதும். அறையவில்லை. அந்த அறைக்கு நான் பாத்தியப்பட்டவள். ஆனால் அவர் நினைத்த காரணத்துக்காக இல்லை.

தலைமையாசிரியை ஒரு தாளை நீட்டினார். போலீஸ் புகார் வேண்டாம் என்று பெற்றோர்களிடம் பேசிவிட்டார்களாம். நான் ஒரு மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நிர்வாகக் கூட்டம், அதில் வைத்து என் வேலையைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்றார். என் மகள் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. எனக்கு வேலை இருந்தால்தான் அவளுக்கும் அங்கே இடம். கடிதத்தை அவர்களே அடித்து வைத்திருந்தார்கள். குழியில் வெடிமருந்து எதுவும் இல்லை, பூஜைக்கு வைத்த தழையைப் பார்த்துத் தவறாக எண்ணிப் பதற்றத்தில் மாணவர்களைத் தாக்கிவிட்டேன். அவ்வளவுதான். குவாரி முதலாளியும் ஒரு நகல் கேட்டிருக்கிறார் என்றார்கள்.

கையெழுத்துப் போட்டேன். தாளில் உதட்டு ரத்தம் ஒரு சொட்டு விழுந்தது. தலைமையாசிரியை வேறு தாளில் அடித்துக்கொண்டு வரச் சொன்னார். இரண்டாம் தடவையும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேஸ்திரி போன் செய்தார். குரலே அவருடையதாக இல்லை. ஹனூரிலிருந்து பேசினார்.

"அம்மணி, வெள்ளிக்கெழமயே மொதலாளி ஆளுக அடிச்சுத் தொரத்திப்போட்டாங்க. கேக்காம எப்படிடா பள்ளிக்கொடத்த உள்ள விட்டேன்னு பெல்ட்டக் கழட்டி அடிச்சாங்க. ரெண்டு பல்லுப் போயிருச்சு. அந்தக் குழிய எடுக்கவே உடல. தழையையும் நாந்தான் புடுங்கிப் போட்டேன். அடையாளமே இல்லாமக் கெடக்குது."

"நீங்க அவங்ககிட்டச் சொல்லலையா?"

"சொன்னேன். நேத்தும் போன் போட்டேன், டீச்சரே ஒண்ணுமில்லேன்னு எழுதிக் குடுத்துட்டாங்க, நீ பழிவாங்கப் பாக்கறேங்கறாங்க. நீ சொன்னா நம்புவாங்க, அம்மணி. மொதலாளி நம்பர் தர்றேன், ஒரு வார்த்த சொல்லிரு."

நம்பரை ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். போனில் அதை அழுத்தவும் செய்தேன். கடைசி எண்ணை மட்டும் அழுத்தவில்லை. சொன்னால் கடிதம் பொய்யாகும். கடிதம் பொய்யானால், உயிருள்ள குழியின் மேல் உளி வைத்துத் தட்டு என்று ஒரு பிள்ளையிடம் சொன்னவள் யார் என்று கேட்பார்கள். நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூட்டம். கூட்டம் முடிந்ததும் சொல்லிவிடலாம். தசராவுக்கு ஊருக்குப் போன ஆட்கள் பாதிப்பேர் திரும்பவில்லை, திங்கட்கிழமை காலையிலேயே அந்த மூலைக்கு யார் வரப்போகிறார்கள்? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகள் பக்கத்து அறையில் சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். வினாத்தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம் தொடங்கவில்லை. என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே போன் மேல் போன் வந்தது. பத்து மணி சுமாருக்கு அது வெடித்துவிட்டது என்று பிறகு தெரிந்துகொண்டேன். புது மேஸ்திரி அந்தத் தனிக் கல்லை உடைக்கச் சொல்லியிருக்கிறார். ட்ரில் போடுகிறவர் பழைய குழிக்குப் பக்கத்தில் புதுக் குழி போடத் தொடங்கியிருக்கிறார். இரண்டு கையும் மணிக்கட்டோடு போய்விட்டன. இரண்டு கண்ணும் போய்விட்டன. விரல்களைக் கல் இடுக்கில் தேடிப் பொறுக்கினார்களாம். இந்தக் கல்லில் ஒரு எலும்பு கிடைக்காது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்குக் கூசுகிறது. தலைமையாசிரியை வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டார். என் கடிதத்தை என் கையிலேயே கொடுத்து, கிழித்துப் போடுங்கள் என்றார். நிர்வாகம் எழுந்து நின்றது. மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து கைதட்டுகிறார்கள். நெற்றியில் பிளாஸ்திரி போட்ட பையனும் தட்டுகிறான். கையில் மாவுக்கட்டோடு அந்தப் பெண் எழுந்து வந்தாள். "மிஸ், நீங்க அடிக்கலைன்னா நான் இருந்திருக்கவே மாட்டேன்தானே?" என்று சொல்லி ஒற்றைக் கையால் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த உளியை எங்கே வைக்க வேண்டும் என்று யார் சொன்னது என்பது அவளுக்கும் தெரியும். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

சாயங்காலம் அவளுடைய அப்பா வந்தார். இனிப்புப் பெட்டியோடு. சனிக்கிழமை என்னை அறைந்த அதே கையால் பெட்டியை நீட்டி, குனிந்து என் காலைத் தொடப் போனார்.

"தப்பாயிடுச்சு மேடம். என் பொண்ணு உயிரைக் காப்பாத்தின தெய்வம் நீங்க."

அவரைப் பிடித்துத் தள்ளினேன். பெட்டி விழுந்து உடைந்து நெய் தரையில் பரவியது. பெரிய மனசு, கோபம் இன்னும் தீரவில்லை என்று எல்லோரும் அதற்கும் ஒரு நல்ல அர்த்தம் கண்டுபிடித்தார்கள்.

புதன்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலை முழுக்கக் கட்டு, கை இருந்த இடத்தில் இரண்டு வெள்ளை மூட்டை. மருந்து மயக்கத்தில் கிடந்தார். காதுக்குள்ளிருந்தும் ரத்தம் வந்ததாகச் சொன்னார்கள், இனி அதுவும் கேட்காதாம். கட்டிலுக்குக் கீழே அவருடைய மனைவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஒரு குழந்தை. வயது என் மகளைவிடப் பத்து கூட இருக்கும், அவ்வளவுதான். நான் யார் என்று சொன்னேன்.

"தெரியுமுங். வீடியோவுல பாத்தேன்" என்றாள்.

நான் ஆரம்பித்தேன். மேஸ்திரி போன் செய்ததைச் சொன்னேன். நம்பரை எழுதி வைத்ததைச் சொன்னேன். கடிதத்தையும் அந்த வினாத்தாளையும் கைப்பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தேன். எழுந்து என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்தத் தாள்களைத் தொடவில்லை. குழந்தையை மறு தொடைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாருங். நம்மூரு டீச்சர் ஒருத்தங்க, காது கேக்கலன்னு தெரிஞ்சுக்கிட்டு, அழகாக் குறி பாத்து முதுகுல கல்லெறிஞ்சாங்கன்னு. மத்த ஆரும் அப்படிப் பதனமாக் கூப்பிட மாட்டாங்கன்னு."

அவள் கட்டிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"முப்பத்து நாலு புள்ளைங்க மேல எறிஞ்சீங்களாமுங். எங்கூட்டுக்காரரு மேல இன்னொரு கல்லு எறிஞ்சிருக்கக் கூடாதுங்களா?"